பெரிய பிடிவாதக்கார நாய் வாங்கறதுக்கு முன்னாடி: டர்பன் தமிழ் வீடுங்கள்ல அடிக்கடி கேக்கற கேள்விங்க

பூர்பூல், ராட்வைலர், ரிட்ஜ்பேக், ஜெர்மன் ஷெப்பர்ட் இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாமான்னு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துல இருந்து கேக்கறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வைக்கிறேன். நான் டாக்டர் இல்ல, வீட்டுல ஒரு பூர்பூல் வச்சிருக்கேன், சனிக்கிழமை பப்பி கிளாஸ்ல கூடமாட ஒத்தாசை பண்றேன், அவ்வளவுதான். மருந்து விஷயம் எல்லாம் வெட் டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

திருட்டு பயத்துக்குத்தான் பெரிய நாய் வேணும்னு பாக்கறோம். அது தப்பா?

தப்பே இல்ல. இந்த ஊர்ல யாருக்குத்தான் பயம் இல்ல, 2021 ஜூலையில நடந்த கலவரத்த ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் யாரும் மறக்கல. ஆனா நாய வாங்கி யார்டுல விட்டுட்டு உள்ள வந்து கதவ சாத்திக்கிட்டா அது காவல் நாய் ஆயிடும்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் கணக்கு தப்புது. நாள் பூரா வெளியவே கெடக்கற நாய்க்கு எது சாதாரணம் எது விசேஷம்னு தெரியாது, பூனைக்கும் குரைக்கும், குப்பை லாரிக்கும் குரைக்கும், பக்கத்து வீட்டு அண்ணன் இருமினாலும் குரைக்கும். மூணாவது மாசம் நீங்களே காதுல வாங்க மாட்டீங்க. அப்புறம் நெசமா ஆள் வந்தாலும் யாரு எழுந்து பாக்கப் போறாங்க?

இன்னொண்ணு, விஷம். திருட வர்றவனுங்க டூ ஸ்டெப்னு சொல்ற கறுப்பு கறுப்பா இருக்கற குருணை மருந்த இறைச்சியில வச்சு சுவருக்கு மேல போடுவானுங்க, அது ஆல்டிகார்ப்ங்கற பூச்சி மருந்து. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே எச்சி ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்ணு பாப்பா ஊசி முனை மாதிரி சுருங்கும். பால் ஊத்தறது எண்ணெய் ஊத்தறது எல்லாம் வேண்டாம், தூக்கி பாக்கியில (பிக்கப் வண்டியில) போட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடணும், நிமிஷ கணக்கு அது. ராத்திரி நாய் வீட்டுக்குள்ள படுத்தா இந்த வேலை நடக்காது, உங்க பெட்ரூம் வாசல்ல படுக்கற நாய்தான் உங்கள எழுப்பும். அதோட வேலை சத்தம் குடுக்கறது. பூட்டு, அலாரம், ஆர்ம்ட் ரெஸ்பான்ஸுக்கு (துப்பாக்கியோட வர்ற செக்யூரிட்டி கம்பெனிக்கு) போன் பண்றது எல்லாம் உங்க வேலை. நாய உள்ள விட மாட்டோம், வீடு அசிங்கமாயிடும்னு ஆயா (பாட்டி) சொல்றாங்கன்னா, அந்த காச நல்ல லைட்டுக்கும், ஆள் குறுக்க வந்தா அலாரம் அடிக்கற பீமுக்கும் செலவு பண்ணுங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எந்த ஜாதி நல்லது?

நல்லது கெட்டதுன்னு இல்ல, உங்க வீட்டுக்கு எது ஒத்துவரும்னு பாக்கணும்.

பூர்பூல் நம்ம தென்னாப்பிரிக்காவோட பண்ணை நாய். ஆண் நாய் தோள் உயரம் 61ல இருந்து 69 சென்டிமீட்டர், எடை 60, 70 கிலோ சாதாரணம், 90 வரைக்கும் போறதும் உண்டு. அதோட வீட்டு ஜனங்கன்னா உயிர விடும், வெளி ஆள்னா சந்தேகம்தான். டென்மார்க்ல 2010ல 13 ஜாதி நாய தடை பண்ணாங்க, அந்த லிஸ்ட்ல இதுவும் இருக்கு. தடை சரியா தப்பாங்கறது வேற பேச்சு, ஆனா இது விளையாட்டு சாமான் இல்லன்னு தெரிஞ்சுக்கறதுக்காக சொன்னேன்.

ரிட்ஜ்பேக் இதவிட ஒல்லி, 35, 40 கிலோ வரும், முதுகுல முடி எதிர்ப்பக்கமா வளர்ந்து ஒரு கோடு மாதிரி இருக்கும். இந்த ஜாதி எப்படி இருக்கணும்னு முதல் ஸ்டாண்டர்ட் எழுதினது 1922ல, இப்ப ஜிம்பாப்வேல இருக்கற புலவாயோவுல. வேட்டை நாய், ஓடணும் அதுக்கு, ஓட விடலன்னா உங்க சோபாவுக்கு நல்லது இல்ல. முதுகுல டெர்மாய்ட் சைனஸ்னு ஒரு பிறவி குறை இந்த ஜாதியில வரும், குட்டிய வாங்கும்போதே தடவி பாக்க சொல்லுங்க.

ராட்வைலர் புத்திசாலி, சொல்றத சட்டுன்னு புடிச்சுக்கும், கெட்ட பழக்கத்தையும் அதே வேகத்துல. ஜெர்மன் ஷெப்பர்ட் நல்ல நாய், ஆனா வேலை இல்லாம வச்சா நரம்பு தளர்ந்து போய் நிழலப் பார்த்தெல்லாம் குரைக்கும்.

பிட்புல் பத்தி கேட்டா, 2022ல குழந்தைங்க செத்துப்போன சம்பவங்களுக்கு அப்புறம் தடை பண்ண சொல்லி பெட்டிஷன் போச்சு, லட்சத்துக்கு மேல கையெழுத்து. முதல் நாயா அத வாங்காதீங்க. இதுக்கு மேல சண்டை போட எனக்கு நேரம் இல்ல.

"பிடிவாதம்"னு எல்லாரும் சொல்றாங்களே, வீட்டுல அது எப்படி இருக்கும்?

கேட் பக்கத்துல நாய் நிக்குது. நீங்க ஸ்டோப்ல (வாசல் திண்ணையில) இருந்து கூப்பிடறீங்க. லாப்ரடார்னா வாலாட்டிக்கிட்டு ஓடி வரும். பூர்பூல் தலைய மட்டும் திருப்பி உங்கள பாக்கும், அப்புறம் ரோட்ட பாக்கும், ரோட்டுல போறவர் தாண்டிப் போற வரைக்கும் நிக்கும், அதுக்கு அப்புறம் மெதுவா நடந்து வரும். அதுக்கு காது கேக்காம இல்ல, நீங்க சொன்னது புரியாமலும் இல்ல, அது யோசிக்குது. தானா முடிவு எடுக்கத்தான் அந்த நாய தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க, பண்ணையில விவசாயி அரை மைல் தள்ளி இருப்பாரு, சிறுத்தை வந்தா நாய் அவர்கிட்ட பர்மிஷன் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?

எட்டு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் இது உச்சத்துல இருக்கும். அதுவரைக்கும் சொன்னத கேட்ட குட்டி திடீர்னு உங்கள யாருன்னே தெரியாத மாதிரி நடந்துக்கும். நிறைய பேர் அந்த நேரத்துலதான் கைய விரிக்கறாங்க.

அப்ப அடிச்சு, மிரட்டி, நாமதான் தலைவன்னு காட்டணுமா?

வேண்டாம். எங்க தாத்தா காலத்துல பிரம்ப எடுத்தாங்க, அது வேற. இந்த "தலைவன்" கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1947ல கூண்டுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத ஓநாய்ங்கள அடைச்சு வச்சு பார்த்த ஆராய்ச்சியில இருந்து வந்துச்சு. அந்த எண்ணத்த பிரபலமாக்கின ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் (Mech) 1999ல, காட்டுல ஓநாய் கூட்டம்னா அப்பா அம்மா புள்ளைங்க சேர்ந்த ஒரு குடும்பம், அவ்வளவுதான்னு எழுதிட்டாரு. ஆனா நம்ம ஆளுங்க இன்னும் நாய புரட்டிப் போட்டு கழுத்த அமுக்கறாங்க. 70 கிலோ நாய்கிட்ட பலப் பரீட்சை பண்ணா யாரு ஜெயிப்பாங்க? பயந்த பெரிய நாய் மாதிரி ஆபத்து எதுவும் கிடையாது.

உறுமினா அடிக்கற பழக்கம் அதவிட மோசம். உறுமறது "தள்ளிப் போ"ன்னு சொல்ற எச்சரிக்கை. அத அடிச்சு நிறுத்தினா நாய்க்கு கோவம் போகாது, சத்தம் மட்டும் போயிடும், அடுத்த தடவ நேரா பல்லுதான்.

எது வேலை செய்யும்னா, எல்லாத்தையும் அது சம்பாதிக்கணும். சாப்பாட்டு தட்டு கீழ வைக்கறதுக்கு முன்னாடி உக்காரணும். கேட் திறக்கறதுக்கு முன்னாடி உக்காரணும், நீங்க கேட்ட ஒரு அடி தள்றீங்க, அது எழுந்துச்சுன்னா மறுபடி மூடறீங்க, கத்த வேண்டாம், திட்ட வேண்டாம், அது உக்கார்ற வரைக்கும் கேட் திறக்காது, அதான் சட்டம். முதல் நாள் இருவது தடவ மூடித் திறப்பீங்க, பக்கத்து வீட்டு அக்கா உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பாப்பாங்க, பரவால்ல. உக்காந்தா உடனே ஒரு துண்டு சிக்கன். வீட்டுல இருக்கற எல்லாரும் இதையே பண்ணணும், அப்பா பண்ணி தம்பி பண்ணலன்னா நாய் தம்பிகிட்டதான் வேலைய காட்டும்.

தாத்தா தமிழ்ல கூப்பிடறாரு, பசங்க இங்கிலீஷ், வீட்டு வேலைக்கு வர்ற அம்மா ஜூலு. நாய் குழம்பாதா?

எந்த பாஷைனாலும் அதுக்கு ஒண்ணுதான், ஒரு வேலைக்கு ஒரே வார்த்தைன்னு இருந்தா போதும். ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைங்க, எல்லாரும் அதையே சொல்லணும்.

எங்க யார்டு சின்னது. போதுமா?

யார்டு அளவு நான் பாக்கவே மாட்டேன், முதல்ல கேட் எப்படி இருக்குன்னுதான் பாப்பேன். பெரிய யார்டுல தனியா விட்ட நாய் தானா எக்சர்சைஸ் பண்ணாது, கேட்கிட்ட படுத்துக்கிட்டு போறவர்றவங்கள எண்ணிக்கிட்டு இருக்கும். சின்ன யார்டா இருந்தாலும் தினமும் ரெண்டு வேளை நடக்க கூட்டிட்டுப் போனா போதும்.

சாட்ஸ்வொர்த் வீடுங்க மேடும் பள்ளமுமா இருக்கும், முன்னாடி ஆறடி சுவர், பின்னாடி பேங்க் (மண் மேடு) மேல இருந்து பாத்தா அதே சுவர் மூணடி. நாய் பின்னாடி இருந்துதான் தாண்டும். பிரீகாஸ்ட் (காங்கிரீட் பலகை அடுக்கின) சுவர்ல ஒரு பலகை ஆடுதான்னு கையால தள்ளிப் பாருங்க, மழை விட்டதும் மறுபடி பாருங்க, 2022 ஏப்ரல் வெள்ளத்துல எத்தனை சுவர் சாஞ்சுது.

கேட் மோட்டர் இன்னும் முக்கியம். கரண்ட் போச்சு, மோட்டர் பேட்டரியும் பழசு, செத்துப் போச்சு, யாரோ சாவி போட்டு மேனுவல்ல மாத்தி காரை உள்ள விட்டுட்டு கேட்ட இழுத்து சாத்திட்டு போயிட்டாங்க. பாக்கறதுக்கு மூடின கேட்தான். ஆனா மேனுவல்ல இருக்கற ஸ்லைடிங் கேட்ட பூட்ட எதுவும் இல்ல, நாய் மூக்க இடுக்குல விட்டு ஒரு தள்ளு தள்ளினா சக்கரத்துல அதுபாட்டுக்கு ஓடும். லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்தறது) குறைஞ்சாலும் கேபிள் திருட்டு குறையல, அதனால ஒரு சங்கிலியும் பூட்டும் கேட்டுலயே தொங்கட்டும். முடிஞ்சா வெளி கேட்டுக்கும் நாய் இருக்கற இடத்துக்கும் நடுவுல இன்னொரு சின்ன கேட் போடுங்க. மீட்டர் பாக்க வர்றவர், பார்சல் கொண்டு வர்ற பையன், பூஜைக்கு வர்ற ஐயர், யாரும் நாய் முகத்துல முழிக்கக்கூடாது.

சங்கிலியில கட்டி வைக்கறது தீர்வு இல்ல. தேவை இல்லாம கட்டி வச்சு கஷ்டப்படுத்தறது 1962 விலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம், அதுக்கு மேல கட்டின நாய்க்கு வெறிதான் ஏறும்.

நாய் யாரையாவது கடிச்சா சட்டப்படி என்ன ஆகும்?

இத நல்லா படிங்க. ஜெஃப்ரீஸ் பேல ஒரு ஆள் ரோட்டுல அவர் பாட்டுக்கு போயிட்டு இருந்தாரு, மூணு பிட்புல் டைப் நாய்ங்க கேட் வழியா வெளிய வந்து கடிச்சு அவரோட இடது கையவே எடுக்க வேண்டியதாயிடுச்சு. நாய்க்காரங்க கேட் பூட்டிதான் இருந்துச்சு, யாரோ திருடன் பூட்ட உடைச்சிருக்கணும்னு வாதாடினாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் வரைக்கும் போச்சு, 2020 செப்டம்பர்ல தீர்ப்பு, நாய்க்காரங்கதான் நஷ்ட ஈடு குடுக்கணும்னு. உங்க மேல தப்பு இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்ல, உங்க நாய் தானா போய் கடிச்சா நீங்கதான் பொறுப்பு, இது ரோமன் டச்சு சட்டத்துல இருந்து வர்ற பழைய விதி. கடிபட்டவர் சட்டத்துக்கு விரோதமா உள்ள வந்தாரு, இல்ல நாய சீண்டினாரு, இல்ல நாய வேற யார் பொறுப்புலயாவது விட்டு அவங்க கவனிக்காம விட்டாங்கன்னா மட்டும்தான் தப்பிக்க வழி.

அது சிவில் கேஸ். கவனக்குறைவால கடிச்சுதுன்னு நிரூபிச்சா 1993ல வந்த சட்டத்துல அபராதம் இல்லன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். வீட்டு இன்ஷூரன்ஸ்ல பெர்சனல் லயபிலிட்டி இருக்கா, உங்க நாய் ஜாதிய அதுல விலக்கி வச்சிருக்காங்களான்னு வாங்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. "நாய் ஜாக்கிரதை" போர்டு மாட்டுங்க, ஆனா அது உங்கள காப்பாத்தும்னு நம்பி உக்காராதீங்க.

சின்னப் புள்ளைங்க இருக்காங்க, ஆயாவும் கூட இருக்காங்க. வாங்கலாமா?

வாங்கலாம், ரெண்டு விஷயம் யோசிச்சுட்டு. ஒண்ணு, எவ்வளவு நல்ல நாயா இருந்தாலும் சின்னப் புள்ளையோட தனியா விடக்கூடாது, ஒரு நிமிஷம் பாத்ரூம் போனாலும் நடுவுல கதவு இருக்கணும். நாய் உடம்ப விறைச்சுக்கிட்டு அசையாம நிக்குது, கொட்டாவி விடுது, உதட்ட நக்குது, கண்ணோட வெள்ளை தெரிய ஓரமா பாக்குதுன்னா அதுக்கு புடிக்கலன்னு அர்த்தம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் புள்ளைங்க கிட்ட போகக்கூடாது.

ரெண்டாவது, ஆயா. கடிய விட தள்ளிவிடறதுதான் பெரிய பிரச்சனை. பாசத்துலயே 60 கிலோ வந்து மோதினா 75 வயசு இடுப்பு எலும்பு தாங்குமா? மேல தாவற பழக்கத்த குட்டியா இருக்கும்போதே நிறுத்தணும், அப்ப அழகா இருக்கேன்னு கொஞ்சிட்டு அப்புறம் திட்டறது நியாயம் இல்ல. வீட்டுல பகல் பூரா இருக்கறது ஆயா மட்டும்தான், மத்தவங்க எல்லாம் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போயிடுவாங்கன்னா, நெசத்துல அது ஆயாவோட நாய். அவங்களால அத புடிக்க முடியுமான்னு அவங்களையே கேளுங்க.

குட்டிய எப்ப இருந்து வெளிய கூட்டிட்டுப் போகலாம்? ஊசி முடியட்டும்னு சொல்றாங்களே?

இங்க ஒரு இழுபறி இருக்கு. மூணு வாரத்துல இருந்து சுமாரா பதினாலு வாரம் வரைக்கும்தான் குட்டி மூளை உலகத்த ஏத்துக்கற நேரம், அப்ப பாக்காதது எல்லாம் பின்னாடி அதுக்கு அன்னியம். அதே நேரத்துலதான் பார்வோங்கற வைரஸ் நோயும் கொல்லும், ராட்வைலர் குட்டிங்களுக்கு அது இன்னும் மோசமா வரும். அதனால தூக்கிட்டுப் போங்க, தரையில விடாதீங்க. பாக்கி பின்னாடி போர்வை போட்டு டாக்ஸி ரேங்க் பக்கத்துல நிறுத்தி உக்காந்து பாக்க விடுங்க, ஊசி போட்ட நாய் இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்கு கூட்டிட்டுப் போங்க, பப்பி கிளாஸ் போங்க.

யார் யார பாக்கணும்னா எல்லாரையும். தொப்பி போட்டவங்க, குடை புடிச்சவங்க, யூனிஃபார்ம், புல்லு வெட்ற மெஷின், ஸ்கூல் பசங்க கூட்டம், ஜூலு ஆளுங்க, வெள்ளைக்காரங்க, முஸ்லிம் தொப்பி, காவடி எடுத்துட்டுப் போற கூட்டம், தப்பு மேளச் சத்தம். "எங்க நாய் கறுப்பு ஆளுங்கள பார்த்தா மட்டும்தான் குரைக்கும்"னு பெருமையா சொல்ற வீடுங்க நம்ம பக்கம் இருக்கு, கேக்கவே கூச்சமா இருக்கு. அது நாயோட அறிவு இல்ல, நீங்க அதுக்கு காட்டாம விட்டது. உங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மா தினமும் பயந்துக்கிட்டே கேட்ட திறக்கறாங்கன்னா அத முதல்ல சரி பண்ணுங்க.

என்ன சாப்பாடு போடறது? வீட்டுல மிஞ்சின சோறு கறி போதாதா?

போதாது. நம்ம கறியில வெங்காயம் பூண்டு இல்லாம எது இருக்கு, ரெண்டும் நாய் ரத்தத்த கெடுக்கும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், சக்கரை இல்லாத சூயிங்கம்ல இருக்கற சைலிட்டால் எல்லாம் விஷம். வெந்த எலும்பு சில்லு சில்லா உடையும். ப்ராய் (வெளிய நெருப்புல கறி சுடறது) அன்னிக்கு ஒரு விஷயம் எல்லாரும் மறக்கறாங்க, மீலி (மக்காச்சோளம்) தின்னுட்டு போடற கட்டை. பெரிய நாய் அத மெல்லாது, அப்படியே முழுங்கும், குடல்ல போய் அடைச்சுக்கும், ஆபரேஷன்தான். மாங்கொட்டையும் அப்படித்தான், டிசம்பர்ல குப்பை டப்பாவ இறுக்கி மூடுங்க.

குட்டிக்கு பெரிய ஜாதி பப்பி ஃபுட்னு தனியா வர்றதுதான் போடணும். சீக்கிரம் பெருசாகட்டும்னு கால்சியம் பவுடர் கலந்து போடறாங்க, அது எலும்ப கெடுக்கும். குண்டா வளர்ற குட்டிக்கு இடுப்பும் முழங்கையும் போயிடும், விலா எலும்பு கைக்கு தட்டுப்படணும். மூட்டையில 1947ன் 36ஆம் நம்பர் சட்டப்படி பதிவு பண்ண வி நம்பர் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, அது இல்லாம லூஸா விக்கறது வேண்டாம்.

புரட்டாசியில வீட்டுல மாமிசம் கிடையாது. நாய்க்கு?

விரதம் உங்களுக்கு, நாய்க்கு இல்ல. வளர்ற குட்டிக்கு ஒரு மாசம் தயிர் சாதம் போட்டா அது புண்ணியம் ஆகாது. ட்ரை ஃபுட் போடுங்க, தட்ட ஸ்டோப்ல வச்சு கழுவிக்கிட்டா முடிஞ்சுது. எங்க அம்மா முதல்ல முறைச்சாங்க, இப்ப அவங்களே அளந்து போடறாங்க.

வயிறு ஊதி செத்துப் போயிடும்னு சொல்றாங்களே, அது என்ன?

ப்ளோட். நெஞ்சு ஆழமா இருக்கற பெரிய நாய்க்கு வயிறு காத்து அடைச்சு அப்படியே திருகிக்கும், ரத்த ஓட்டம் நின்னுடும். வாந்தி எடுக்கற மாதிரி குமட்டும் ஆனா ஒண்ணும் வராது, வெறும் நுரை, வயிறு மத்தளம் மாதிரி இறுகும், ஒரு இடத்துல நிக்காம உக்காராம தவிக்கும். காலையில பாத்துக்கலாம்னு விட்டா காலையில நாய் இருக்காது. ராத்திரி திறந்திருக்கற வெட் ஹாஸ்பிடல் உங்களுக்கு கிட்ட எதுன்னு இப்பவே போன்ல போட்டு வைங்க. ஒரே வேளையா கொட்டாம ரெண்டு வேளையா பிரிச்சுப் போடறது, அவசரமா முழுங்கற நாய்க்கு மேடு பள்ளம் வச்ச தட்டு, சாப்பிட்ட உடனே ஓட விடாம இருக்கறது உதவும். கருத்தடை ஆபரேஷன் பண்ணும்போதே வயித்த உள்ள சேர்த்து தைக்கறது ஒண்ணு இருக்கு, காஸ்ட்ரோபெக்ஸி, உங்க டாக்டர கேளுங்க.

ஊசி, உண்ணி இதெல்லாம்?

ரேபிஸ் ஊசி இந்த நாட்டுல சட்டப்படி கட்டாயம், க்வாசுலு நட்டால்ல ரேபிஸ் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. மூணு மாசத்துல முதல் ஊசி, ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டாவது, அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, நம்ம மாகாணத்துல வருஷா வருஷம் போடறது நல்லது. கவர்ன்மென்ட் வெட் ஆளுங்க கேம்ப் வச்சு இலவசமாவே போடறாங்க. எந்த நாய் கடிச்சாலும் கீறினாலும் சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே கிளினிக் போங்க, மஞ்சள் வச்சு கட்டிக்கிட்டு உக்காராதீங்க. அறிகுறி வந்துட்டா ரேபிஸுக்கு வைத்தியம் கிடையாது.

உண்ணி கடிச்சு வர்ற ரத்த நோய் பிலியரி. நாய் திடீர்னு சோர்ந்து படுத்துக்கும், ஈறு வெளுத்துப் போகும், மூத்திரம் சிவப்பா போகும், ரெண்டு நாள்ல ஆள காலி பண்ணிடும். உண்ணி மாத்திரை எடை கணக்குலதான் வரும், அதனால பெரிய நாய்க்கு பெரிய விலை.

குரங்கு, பாம்பு?

டர்பன்ல இந்த கேள்வி இல்லாம எப்படி. வெர்வெட் குரங்குங்க வாழைப்பழத்துக்கு வரும், நாய் துரத்தும், மாட்டிக்கிட்ட குரங்கு கடிச்சா நாய் உடம்ப கிழிச்சுடும். பழம் வெளிய வைக்காதீங்க. சில்வர்க்ளென் மாதிரி புதர் பக்கத்துல வீடுன்னா பாம்பு வரும். துப்பற நாகம் நாய் கண்ணுல விஷத்த துப்புச்சுன்னா குழாய் தண்ணியில நிறைய நேரம் கழுவிட்டு டாக்டர்கிட்ட போங்க. மாம்பா பார்த்தா பெரிய நாய் ஓடாது, அதுதான் கஷ்டம், அதனால "வா"ன்னு சொன்னா வர்ற நாய் வேணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

தீபாவளி வெடிக்கு என்ன பண்றது?

தீபாவளி, அத ஒட்டி நவம்பர் 5 கை ஃபாக்ஸ் (இங்கிலீஷ்காரங்க வெடி நாள்), அப்புறம் நியூ இயர், மூணு தடவ. பெரிய நாய்க்கு பயமே இருக்காதுன்னு நினைப்பீங்க, பயத்துல அது ஆறடி சுவர தாண்டும், ஜன்னல் கண்ணாடிய உடைக்கும். சாயங்காலமே நல்லா நடக்க வச்சு, சாப்பாடு போட்டு, நடு ரூம்ல கர்ட்டன் மூடி, டிவி சத்தமா வச்சு, கூட ஒரு ஆள் இருங்க. கட்டிப் போடாதீங்க, சுவர தாண்டப் பார்த்து கழுத்து மாட்டி சாகும். ரொம்ப பயப்படற நாய்னா ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட மருந்து கேளுங்க. மைக்ரோசிப் பதிவுல உங்க போன் நம்பர் பழசா இருந்தா மாத்துங்க.

எங்க வாங்கறது?

அம்மா நாய நேர்ல பாக்காம வாங்காதீங்க. அம்மா உங்கள பாத்து பதுங்குது, இல்ல பாயுதுன்னா குட்டியும் அப்படித்தான் வரும். இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே சர்டிஃபிகேட் கேளுங்க, குடுக்க மாட்டேன்னா திரும்பி வந்துடுங்க. எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டிய பிரிக்கறவங்ககிட்ட வாங்காதீங்க, போட்டோ மட்டும் காட்டி டெபாசிட் கேக்கறவங்களுக்கு ஒரு ராண்ட் கூட அனுப்பாதீங்க. வால் வெட்டின குட்டின்னா யாரு வெட்டினாங்கன்னு கேளுங்க, 2008 ஜூன்ல இருந்து அழகுக்காக வால் வெட்ட வெட் டாக்டருங்களுக்கு அனுமதி கிடையாது, அப்ப கராஜ்ல வச்சு யாரோ வெட்டியிருக்காங்க.

ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல இருக்கற எஸ்பிசிஏவுல (விலங்கு பாதுகாப்பு சங்கத்துல) வளர்ந்த பெரிய நாய்ங்க எப்பவும் இருக்கும். குணம் என்னன்னு அங்க இருக்கறவங்களுக்கு ஏற்கனவே தெரியும், அதனால முதல் தடவ வளர்க்கறவங்களுக்கு குட்டிய விட அதுதான் சுலபம்னு எனக்குப் படுது.

துணைக்கு ரெண்டு குட்டி சேர்த்து வாங்கலாமா?

வேண்டாம். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கும், உங்கள பாக்காது. வளர்ந்த அப்புறம் ரெண்டு ஆணோ ரெண்டு பெண்ணோ இந்த ஜாதியில சண்டை போட்டா பிரிக்க நாலு ஆள் வேணும். முதல் நாய் ரெண்டு வயசு தாண்டி சொல்பேச்சு கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்.

கருத்தடை எப்ப?

பெரிய ஜாதிக்கு ஆறு மாசத்துலயே பண்றத விட ஒரு வயசுக்கு மேல பண்றது மூட்டுக்கு நல்லதுன்னு இப்ப நிறைய டாக்டருங்க சொல்றாங்க. அதுவரைக்கும் சுவர் தாண்டாம பாத்துக்கணும்.

காம்ப்ளெக்ஸ்ல இருக்கோம், நாய் வளர்க்கலாமா?

காம்ப்ளெக்ஸ நிர்வாகம் பண்ற ட்ரஸ்டிங்ககிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கணும். காரணம் இல்லாம அவங்க மறுக்க முடியாது, ஆனா 70 கிலோ நாய்ங்கறது அவங்களுக்கு ஒரு காரணம்தான்.

ரெண்டு வருஷம் ஆச்சு, எங்களால சமாளிக்க முடியல. யாருக்காவது குடுத்துடலாமா?

முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, இடுப்பு வலி இருக்கற நாய் தொட்டா கடிக்கும், அத நீங்க திமிருன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. அப்புறம் அடிக்காம கத்துக் குடுக்கற ட்ரெயினர வீட்டுக்கே வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் வெளிய போனா கூடை மாதிரி இருக்கற மசில் (வாய்ப்பூட்டு) போடுங்க, அதுல மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம்.

அப்பவும் முடியலன்னா வாங்கின ப்ரீடர கேளுங்க, நல்ல ப்ரீடர் திருப்பி எடுத்துப்பாரு. இல்லன்னா எஸ்பிசிஏவுக்கு போன் பண்ணி யாரையாவது கடிச்சிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க. இலவசமா குடுக்கறோம்னு எங்கயும் விளம்பரம் போடாதீங்க. பெரிய நாய் சும்மா கிடைக்குதுன்னா நாய் சண்டை விடற கும்பல்தான் முதல்ல வரும், புள்ளைங்களோட குடும்பமா வந்து நல்லா பேசி வாங்கிட்டுப் போவாங்க. வீடு எங்க, கேட் எப்படின்னு பாக்க வரலாமான்னு கேளுங்க, தயங்கினாங்கன்னா குடுக்காதீங்க.